இடம்பெயர்தலும் கமத்தொழிலும்: ஊவா மாகாண நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு ஒரு விளக்கம்

ஊவா மாகாணத்தில் மழை இரு காலங்களிற் பெய்வது வழக்கம். ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் மழையே பெரியது. பெரும்போகம் அதனை நம்பியே நடைபெறுகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களிற் பெய்யும் சிறுமழை சிறுபோகத்துக்கு உதவுகின்றது. யூன் மாதம் பிறந்ததும் கச்சான் காற்று எழும். தென்மேற்குப் பருவக்காற்றானது மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த காற்றாகப் பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் இறங்குவதே இதற்குக் காரணமாகும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை அளிப்பதும் இக்காற்றே. கிணற்றையும் ஓடையையும் வற்றச் செய்வதும் இக்காற்றே. தேயிலை வணிகர் விரும்பும் காற்றை வயற்காரர் விரும்பியதில்லை.

இவ்வொழுங்கு இப்பொழுது தளர்ந்து வருகின்றது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயருமாயின், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடும். வெப்பக்காற்று மண்ணிலிருந்து ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுகின்றது. மழையாகும்போது மிகுதியாகக் கொட்டுகின்றது. ஆதலின் மழையற்ற நாட்கள் நீள்வதும், ஒரே இரவிற் பெருமழை பெய்வதும் ஒரு காரணத்தின் இரு விளைவுகளேயாம். 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த வறட்சி நாற்பது ஆண்டுகளிற் காணாத வறட்சி எனப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளியுடன் வந்த பெருமழையிலோ, மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாயிற்று.

இத்தகைய காலத்திற் குடும்பத்தில் ஒருவரோ பலரோ ஊரைவிட்டுச் செல்லுதல் எங்கும் காணப்படுகின்றது. இளைஞர் கொழும்புக் கடைகளுக்குச் செல்கின்றனர். பெண்கள் மத்தியகிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். தோட்டத்தவர் வெலிமடை உருளைக்கிழங்கு வயல்களுக்கு நாட்கூலியாகச் செல்கின்றனர். இதனைக் கமத்தைக் கைவிடும் செயலென்று பழிப்பார் உளர். அது முற்றும் சரியன்று. மழைக்கு ஏற்ப விதையை மாற்றுதல் போன்று, மழைக்கு ஏற்ப ஆளை மாற்றி வைத்தலும் பிழைக்கும் வழிகளுள் ஒன்றாகும். ஆயினும் எல்லாப் பெயர்வும் அவ்வாறு பயன் தருவதில்லை. கையில் ஏதேனும் உள்ளபோது, நாள் குறித்து, திரும்புவதற்கு வழி வைத்துச் செல்வது ஒன்று. யாவும் அழிந்தபின் உடுத்த உடையுடன் ஓடுவது வேறொன்று.

பயிரின் பெயர்வு

ஆளுக்கு முன்னே பயிர் இடம்பெயர்கின்றது. மலையில் 1,000 மீற்றர் மேலேறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். அஃதாவது, நாட்டின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், பழைய குளிர்ச்சியை நாடும் பயிர் ஏறத்தாழ 150 மீற்றர் மேலே செல்லல் வேண்டும். உருளைக்கிழங்கு கிழங்கு வைப்பதற்கு இரவு குளிர்ந்திருத்தல் அவசியம். இரவு வெப்பம் 20 பாகையைக் கடக்குமாயின் தழை செழித்துக் கிழங்கு சிறுக்கும். வாடல் நோயும் வெப்பத்துடன் பெருகும். நெல்லோ பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் பதராகிவிடுகின்றது.

பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. பதுளையைச் சூழ்ந்த பள்ளங்களில் நன்கு விளைந்த போஞ்சியையும் கோவாவையும் இன்னும் மேலே கொண்டுசெல்லலாம் எனக் கருதுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். மேலே உள்ள நிலம் வெறுநிலமன்று. அது தேயிலையாகவோ காடாகவோ இருக்கின்றது. அன்றேல் மண்வெட்டி பட்டால் வழுக்கி இறங்கும் செங்குத்துச் சரிவாக இருக்கின்றது. மலைக்கு உச்சியும் உண்டு. ஆதலின் மரக்கறிச் செய்கையாளர் மேலேறுவதைவிட, இருக்கும் இடத்திலேயே நடுகைக் காலத்தை நகர்த்துதல், வெப்பம் தாங்கும் இனங்களை நாடுதல், மண்ணை வைக்கோலால் மூடுதல் ஆகியவற்றை முதலிற் செய்து பார்த்தல் நன்று. பண்டாரவளையிலுள்ள பிராந்திய விவசாய ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்திலும், அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடத்தும் இனங்கள் பற்றிய அறிவுரை பெறலாம்.

நெல்லிலும் இவ்வாறே. நீர் குறைந்த போகத்தில் நான்கு மாத நெல்லை விதைத்து வானத்தைப் பார்த்திருத்தல் வீண். பீ.ஜீ. 250 என்னும் இனம் இரண்டரை மாதத்தில் முற்றுவது. நீர் வற்றுமுன் அறுவடையாகி வறட்சிக்குத் தப்புவது. இதனினும் பழைய உபாயம் ஒன்று உண்டு. குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில், மதகுக்கு அண்மையிலுள்ள வயல்களை மாத்திரம் எல்லாக் காணிக்காரரும் தமக்குள் பங்கிட்டு விதைப்பர். பெத்ம எனப்படும் இம்முறையிற் கடைமடைக்காரன் தன் வயலை விட்டு அயலான் வயலுக்கு ஒரு போகத்துக்குப் பெயர்கின்றான், ஊரை விடுவதில்லை. கன்னக் கூட்டத்தில் இம்முடிவை விதைப்புக்கு முன்னரே எடுத்தல் வேண்டும். பயிர் கருகத் தொடங்கியபின் எவரும் தம் வயலைப் பங்கிட இசையார்.

முன்னோர் வந்த வழி

ஊவாத் தோட்டங்களின் மக்களுக்கு இடம்பெயர்தலைப் பற்றிப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய வறண்ட சீமைகளிலிருந்து அவர்தம் முன்னோர் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் அவ்வரவு பெரும்பாலும் பருவத்துக்குரியதாயிருந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வந்து உழைத்து, ஊரில் நெல் அறுவடைக்குத் திரும்பினர். அவர்களுட் பலர் சொந்தக் காணி அற்றவரே. எனினும் ஊரில் உறவும் அறுவடைக் கூலியும் இருந்தன. ஒரு பக்கம் மழை பொய்த்தால் மறுபக்கம் தாங்கும். இன்று பருவநிலைக்கு இசையும் பெயர்வு என்று பலரும் பாராட்டிப் பேசுவது ஏறத்தாழ இதுவே. ஆனால் அந்நடைவழி இலேசானதன்று. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தோரில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் வந்தவர் நிலை வேறு. அவர் நாள் பார்த்து வந்தவரல்லர். பசி விரட்ட வந்தவர். அவர் வந்தபோது கோப்பியும் நலிந்துகொண்டிருந்தது. கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் 1869ஆம் ஆண்டு காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் நாட்டின் கோப்பித் தொழிலைச் சாய்த்துவிட, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படல் வேண்டும். ஆதலின் வந்தவர் குடும்பத்துடன் லயங்களிற் குடியிருக்கலாயினர். வருவதும் போவதுமாயிருந்த பெயர்வு இவ்வாறு நிலைத்த குடியாயிற்று.

குடி நிலைத்தபோது, மீண்டும் பெயரும் உரிமை குறைந்தது. கங்காணி கொடுத்த முற்பணம் கடனாக ஏறிற்று. கடன் தீர்ந்தாலன்றித் துண்டு கிடையாது. துண்டின்றி வேறு தோட்டம் ஏற்காது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலார் நாடற்றோராயினர். கல்லோயா முதலிய திட்டங்களிற் பிறர் காணி பெற்றுக் குடியேறிய காலத்தில் இவர்க்கு அவ்வழி அடைபட்டிருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. எஞ்சியோர் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் தீர்வு பெற்றது. அபாயம் உள்ள இடத்தை அறிந்தும் நகர முடியாமற்போவது எவ்வாறு நேர்கின்றதென்பதற்கு இவ்வரலாறு விடையளிக்கின்றது. 2011இல் பிரித்தானிய அரசுக்காக வெளியிடப்பட்ட ஆய்வொன்றும், பருவநிலை மாற்றத்தில் மிகுந்த ஆபத்துக்குள்ளாவோர் புறப்பட்டுச் சென்றவர் மட்டுமல்லர், புறப்பட வகையின்றிச் சிக்குண்டவரும் ஆவர் என்பதை எடுத்துக்காட்டியது.

மீரியபெத்தை

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர். வீடு திரும்புகையில் வீடும் பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டும் மக்கள் ஏன் இருந்தனர் என்று வினவுவோர், எங்கே செல்வதென்பதையும் உடன் வினவுதல் வேண்டும். லயம் அவருடையதன்று, வேறு காணியும் இல்லை, வேலை நடந்து செல்லும் தூரத்தில் இருத்தல் வேண்டும். மாற்றுக் காணி காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே.

தப்பியவர்க்கு மக்கல்தெனியவில் வீடுகள் கட்டப்பட்டு 2016ஆம் ஆண்டிற் கையளிக்கப்பட்டன. அழிவுக்குப் பின் செய்ததை அழிவுக்கு முன் செய்தல் இயலுமோ எனின், இயலும். பசிபிக் மாகடலிலுள்ள பிஜி நாட்டில், கடல் ஏறி வந்த வுனிதொகொலோவா என்னும் சிற்றூர் 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் உள்ளே மேட்டுநிலத்துக்கு முழுமையாகப் பெயர்க்கப்பட்டது. அங்கே வீடு மாத்திரம் கொடுக்கப்படவில்லை. அன்னாசிச் செய்கையும் மீன் வளர்ப்புக் குளங்களும் புதிய ஊருடன் சேர்த்தே அமைக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு கான்கூன் நகரிற் கூடிய உலக நாடுகள் பெயர்வு, இடப்பெயர்ச்சி, திட்டமிட்ட குடிமாற்றம் என இவற்றைப் பிரித்து உணர்ந்தன. கமக்காரர் கவனிக்க வேண்டியது, குடிமாற்றம் வீட்டுக்கணக்கிற் சுருங்குதல் கூடாதென்பதே. வீட்டையடுத்து மரக்கறிப் பாத்திக்கு இடமும் அதற்கு நீரும் உள்ளனவா எனக் காணி காட்டப்படும் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும். வீடு கட்டியபின் கேட்டாற் பயன் இல்லை.

செல்லும் இடம்

உலக வங்கி 2021இல் வெளியிட்ட அறிக்கை, 2050ஆம் ஆண்டளவில் 21 கோடியே 60 இலட்சம் பேர் வரை பருவநிலை காரணமாகத் தத்தம் நாட்டுக்குள்ளேயே பெயரக்கூடும் என மதிப்பிட்டது. ஆகவே கடல் கடந்து செல்வதை மாத்திரம் பெயர்வெனக் கொள்ளற்க. பதுளையிலிருந்து கொழும்புக்கும் மஹியங்கனைக்கும் செல்வதும் பெயர்வே. அவ்விடங்களிலும் மழை அதே மழைதான். மலைச்சரிவுக்கு அஞ்சிக் களனி கங்கையின் தாழ்கரையில் அறை வாடகைக்கு எடுத்தவர், 2016 மே மாத வெள்ளத்தைப் போன்றதொன்றில் இடுப்பளவு நீரில் நிற்க நேரும். கிராந்துருகோட்டைப் பகுதியில் நிலம் விரிந்தது, வாய்க்கால் உண்டு. ஆனால் காரணம் முற்றும் தெளியாத சிறுநீரக நோய் அங்குள்ள கமக்காரரைப் பல ஆண்டுகளாக வாட்டுகின்றது. குடிநீரை ஆராயாமல் அங்கே குடியேறுதல் தகாது. வெல்லவாய, மொனராகலைப் பக்கங்களில் யானையும் வறட்சியும் உள. முதலில் ஒருவர் சென்று ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் தங்கிப் பார்த்தபின் குடும்பம் செல்வதே முறை.

செல்லுமுன் செய்ய வேண்டுவன

முதலாவது நாட்கணக்கு. மானாவாரியாகப் பெரும்போகம் மாத்திரம் செய்வோர்க்கு யூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை வயலில் வேலை குறைவு. அக்காலத்தில் வெளியே உழைத்து, முதல் மழைக்குமுன் வரம்பு கட்டத் திரும்புவது நன்று. வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளிலோ கணக்கு மாறும். அங்கே பெரும்போக நெல்லுக்குப் பின் சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு இடப்படுவதால், ஆள் மிகுதியும் வேண்டிய காலம் அதுவே. இரு பகுதியினரும் ஒருவருக்கொருவர் கூலியாளாக அமையலாம். ஏற்கெனவே பலர் அமைந்துள்ளனர்.

முற்பணம் பெற்றுக்கொண்டு புறப்படுதல் ஆபத்தானது. தரகர் வண்டிக் கூலி தருவார், அரிசி தருவார், வீட்டுக்கும் ஓரளவு தருவார். அது பழைய துண்டின் மறுவடிவம். கூலி எவ்வளவு, எந்நாளிற் கிடைக்கும், திரும்ப எவர் விடை தரவேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்தபின்னரே செல்லல் வேண்டும்.

இனி நிலத்தைப் பற்றியது. இதுவே இத்துண்டுப்பிரசுரத்தின் முக்கிய பகுதியாகும். சரிவுநிலத்தைத் தரிசாக விட்டுச் செல்பவர் தம் நிலத்தை மாத்திரம் விட்டுச் செல்வதில்லை. கீழேயுள்ளவர் பாதுகாப்பையும் விட்டுச் செல்கின்றார். சமவுயரக் கான்கள் தூர்ந்தால் மழைநீர் ஓடாது நின்று மண்ணுள் இறங்கும். கல்வரம்பு ஓரிடத்தில் உடைந்தால் நீர் அவ்வழியே பாய்ந்து அடுத்த வரம்பையும் உடைக்கும். இரண்டு ஆண்டு பராமரிப்பற்ற படிக்கட்டு நிலம், ஒருபோதும் வெட்டப்படாத காட்டுச் சரிவைவிடக் கொடியது. வேரும் இல்லை, வடிகாலும் இல்லை.

ஆதலின் போகுமுன், செப்டெம்பர் மாதத்தில் ஒருமுறையும் மார்ச்சு மாதத்தில் ஒருமுறையும் கான் துப்புரவாக்குவதற்கு அயலாருடன் ஏற்பாடு செய்தல் வேண்டும். அதற்குரிய கூலியை வெளியே உழைக்கும் பணத்திலிருந்து முதற் செலவாக ஒதுக்குதல் முறை. கடன்காரருக்குப் பின்னர் கொடுக்கலாம், மழை தவணை தராது. வரம்போரத்தில் வெட்டிவேரும், வேலிக்குக் கிளிரிசீடியாவும் நடப்பட்டால் ஆளில்லாத காலத்திலும் அவை மண்ணைப் பிடித்திருக்கும். ஆண்டுதோறும் கொத்த வேண்டிய கிழங்கு, கரட் முதலியவற்றை மிகச் சரிந்த பாத்திகளிலிருந்து நீக்கி, அங்கே மிளகு, கோப்பி, ஆனைக்கொய்யா போன்ற நிலைத்த பயிர்களை வைத்தால், வீட்டில் இருவர் குறைந்தாலும் தோட்டம் நடக்கும். மடுல்சீமையில் ஒருகாலத்தில் வீழ்ந்த கோப்பி, இன்று துருவைத் தாங்கும் இனங்களாக வீட்டுத்தோட்டங்களில் மீண்டும் இடம் பெறலாம்.

வயலைப் பங்குக்குக் கொடுப்பவர், அதாவது அந்தே முறையில் விடுபவர், அதனைக் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் முறையாகப் பதிதல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிச் சென்று, மூன்றாண்டின் பின் திரும்பித் தம் வரம்பிலேயே அந்நியராக நின்றோர் பலர். வீட்டில் தங்கிப் பயிர் செய்பவர் மனைவியோ தாயோ ஆயின், கமக்காரர் அமைப்பில் அவர் பெயர் சேர்க்கப்படல் அவசியம். பெயரில்லாதவருக்குக் கன்னக் கூட்டத்தில் நீர் கேட்க வாயில்லை.

இரவில் வெளியேறுதல்

எவ்வளவு ஆயத்தம் செய்தாலும், சில வீடுகள் ஓரிரவில் விடப்படல் வேண்டியவையாயிருக்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரை அடைந்தாற் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரை அடைந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குக் கொண்டுள்ள அளவுகள் இவையே. இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான தகரப் பேணியொன்றை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாற் போதும். ஒரு லயத்துக்கு ஒரு பேணி இருத்தல் நன்று. இரவில் அதைப் பார்ப்பவர் இன்னார் என முன்னரே குறித்தல் வேண்டும்.

மழையளவுக்குக் காத்திராது வெளியேற வேண்டிய அறிகுறிகளும் உள. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, கதவு நிலையில் இறுகுதல், நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல், தெளிந்த ஊற்று திடீரெனச் சேறாதல், ஓடும் ஊற்று காரணமின்றி நின்றுபோதல் ஆகியவை மலை அசைவதைக் காட்டும். ஊற்று நின்றது கண்டு நீர் வடிந்ததென மகிழ்வது பெரும்பிழை. உள்ளே தடைப்பட்ட நீர் வேறு வழி தேடுகின்றது.

காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், அடுத்த போகத்து விதைநெல்லில் ஒரு பொட்டலம் ஆகியவற்றை ஒக்டோபர் பிறக்குமுன் ஒரே பையில் இட்டுக் கதவருகே தொங்கவிடல் வேண்டும். கட்டியுள்ள மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிட்டுச் செல்லல் வேண்டும். ஓடையின் வழியே கீழிறங்கலாகாது; சரிவுக்குக் குறுக்காக நடந்து, முன்பே பார்த்துவைத்த பாடசாலைக்கோ கோவிலுக்கோ சென்று, கிராம அலுவலரிடம் குடும்பத்தின் ஆட்தொகையைக் கூறிப் பதிதல் வேண்டும். மழை விட்டதும் வீடு பார்க்கத் திரும்புதல் கூடாது. சரிவு பலமுறை மழை ஓய்ந்த பின்னரே இறங்கியுள்ளது. நிலத்தைப் பார்வையிட்ட அலுவலர் அனுமதித்த பின்னர், பகலில், முதலில் ஒருவர் மாத்திரம் செல்லலாம்.